பழசு என்றொரு சாக்கு

என் கணவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை, திரும்பவும் தென்காசி என்று அவருடைய உத்தியோக காலம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்ளேயே ஓடியது. பஸ் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. தெருமுனையில் யாரையாவது பிடித்துப் பேசிக்கொண்டிருந்தால், என்ன பேசுகிறார் என்று எனக்கு அடுப்படியில் கேட்கும். பஸ்ஸில், "உள்ள கபடி விளையாடலாம், படியில என்ன தொங்கல்?" என்று கேட்கிற அதே குரலில்தான் வீட்டில், "சட்னியில உப்பு போட்டியா, இல்ல உப்பைக் காட்டிட்டு எடுத்துட்டியா?" என்பார்.

நான் எங்கள் ஊர் இலஞ்சியில் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கச் சத்தமில்லாத இடத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவர் பேச்சு காத்திருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் பேச்சு நிற்காது. நான் ஒரு புத்தகத்தைப் பிரித்தால், "என்னட்டி எழுதியிருக்கான்? சத்தமா வாசி, நானும் கேக்கேன்" என்பார். நாலு வரி வாசிப்பதற்குள் அவருடைய கதைக்குப் போய்விடுவார். விருந்தாளிகள் முன்னால் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "அது செவ்வாக்கிழமை இல்ல, புதன்" என்று நடுவில் புகுந்து, முடிவையும் அவரே சொல்லி முடிப்பார். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு கதையை நான் முழுதாகச் சொன்னதாக நினைவில்லை.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே சரிந்தார். தென்காசியில் பார்த்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது. இரண்டு மாதத்தில் கம்பு ஊன்றி நடக்கவும் ஆரம்பித்தார். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு போனது போனதுதான். மிஞ்சியது இரண்டு சொல். ஒன்று 'ஆமா'. இன்னொன்று 'அது'.

எழுதிக் காட்டலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எழுத்தும் கூடவே போய்விட்டது. நாம் பேசுவது அவருக்குப் புரியும், சொல்ல வேண்டியதும் மனசுக்குள் இருக்கும், அதற்கான சொல் மட்டும் அகப்படாது என்று டாக்டர் விளக்கினார். "அது... அது..." என்று கையை ஆட்டுவார். தண்ணீரா, மின்விசிறியா, கழிப்பறையா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சரியாகக் கேட்டுவிட்டால் "ஆமா" வரும். இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பார்க்க வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எப்படிப் பேசுத மனுசன்!" என்றார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் வீடு காலியாகி, அவர் கட்டிலில் படுத்திருக்க, நான் பக்கத்து அறையில் ஒரு நாவலைப் பிரித்து உட்கார்ந்தபோது, யாரும் கூப்பிடவில்லை. நாற்பது பக்கம் ஒரே மூச்சில் வாசித்தேன். முருகன் கோயில் மணிச் சத்தம் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். என் உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியிருந்தது. அதற்கு என்ன பேர் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அடுத்த நாலைந்து மாதத்தில், நூலகத்தில் இருந்த வருஷங்களில் வாசித்ததைவிட அதிகமாக வாசித்தேன்.

தென்காசியில் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். பயிற்சி கொடுத்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். வைகாசி கடைசியில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மா, பேச்சு வருதப்போ வரட்டும். அதுவரை அவங்களைச் சும்மா விட்டு வைக்க வேண்டாம். படத்தைத் தொட்டா பேசுத மாதிரி ஒரு ஆப் இருக்கு. போன்ல படம் பொடியா இருக்கும். இடது கையால தொடணும்லா, அதுக்குச் சிலேட்டு அளவுல இருக்க டேப்தான் தோது. புதுசே வேணும்னு இல்ல. குற்றாலத்துல சிப்ஸ் கடை வச்சிருக்க ஒரு அக்கா, அவங்க மகளுக்கு வச்சிருந்ததைக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலயே பேச்சு கிடையாது. இப்போ பெரிசா ஒண்ணு வாங்கிட்டாங்க. பழசுல எல்லாத்தையும் தமிழ்லயே ஏத்தி வச்சிருக்காங்க. போய்ப் பாருங்க."

போனோம். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியிருந்தது. பேரருவிக்குப் போகிற கடைத்தெருவில், தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாகப் போகிறவர்களுக்கு நடுவில் ஆட்டோ ஊர்ந்து போய் நின்றது. கடை வாசலில் பெரிய சட்டியில் நேந்திரங்காய் பொரிந்துகொண்டிருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டியை வேலையாளிடம் விட்டுவிட்டு உள்ளே கூட்டிப் போனாள். மகள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் புது டேப்பை வைத்திருந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் அதில் இரண்டு படத்தைத் தொட்டாள். "தாத்தா. உக்காரு" என்றது அது. குரல் அம்மாவுடையது. ஒவ்வொரு சொல்லையும் அவளே பேசிப் பதிந்து வைத்திருந்தாள்.

இவர் உட்கார்ந்தார். அந்தப் பெண்பிள்ளை பழைய டேப்பை உறையிலிருந்து உருவி இவர் மடியில் வைத்து, பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினாள். சாப்பாடு, உடம்பு, ஆட்கள், இடங்கள். வண்டிகள் இருக்கிற பக்கம் வந்ததும் இவர் இடது கை விரல் தானாக நீண்டது.

"பஸ்" என்றது டேப்.

இன்னொரு தடவை தொட்டார். "பஸ்." மறுபடியும் தொட்டுவிட்டு, உதட்டில் விரலை வைத்து விசில் ஊதுவது போலக் காற்றை ஊதினார். அந்தப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவில்லை.

அதைப் பார்த்த எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் திரும்பத் திரும்ப அந்தப் படத்தைத் தொட, அது திரும்பத் திரும்ப "பஸ், பஸ்" என்று கத்த, என் தோள் இறுகியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. டேப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருந்தது.

"இது எத்தனை வருஷமாச்சு?"

"ஏழு வருஷம் இருக்கும்க்கா" என்றாள் கடைக்காரப் பெண். "ஒரு தடவை கீழ விழுந்திருக்கு. சார்ஜ் நாலஞ்சு மணி நேரம் நிக்கும், அதுக்கு மேல நிக்காது. ஒளிக்காமச் சொல்லுதேன், இனிமே இதுல வேற ஆப் எதுவும் ஏத்த முடியாது, கம்பெனிக்காரன் அப்டேட்டை நிறுத்திட்டான். ஆனா இந்த ஆப் ஓடும். இது ஒண்ணுக்குத்தான்னா தாராளமா எடுக்கலாம். விலையை நீங்களே சொல்லுங்க."

அவள் ஒளிக்காமல் சொன்ன குறைகளையே நான் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். "சார்ஜ் நிக்காதுன்னா கஷ்டம்லா? அப்டேட்டும் வராதுங்கீங்க. பழசை வாங்கிட்டுப் பிறகு தூக்கிப் போடவா? மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

விலை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பென்ஷன் வருகிறது. அந்தப் பெண் சும்மா தருகிறேன் என்று சொல்லியிருந்தாலும் நான் வேறொரு குறை கண்டுபிடித்திருப்பேன்.

கிளம்பும்போது இவர் டேப்பை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க, போவோம்" என்றேன். கொடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அது" என்றார். "அது, அது." நான் அவருடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை எடுத்து, மேசைமேல் வைத்தேன். அந்தப் பிள்ளை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகும் அவர் கடை இருந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "பாத்துக்கிடலாம்" என்றேன்.

மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அன்றைக்கே போனில் பேசினேன்.

"ஏழு வருஷப் பழசா? எம்மா, அதெல்லாம் வேண்டாம். நான் புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புதேன்" என்றான்.

சரி என்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் வந்திருக்கும். "நீ வீட்டுக் கடன் கட்டிக்கிட்டு இருக்க, உனக்கு எதுக்கு இந்தச் செலவு? குற்றாலத்துல இருக்கதே போதும். ஆப்பு ஓடுதாம். நான் வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

மறுநாள் குற்றாலத்துப் பெண்ணுக்குப் போன் செய்து, மகன் புதுசு வாங்கி அனுப்புகிறான் என்று சொன்னேன். பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கும் அதையே சொன்னேன். மகன் வாரம் ஒருமுறை கேட்பான். "அந்தம்மா சார்ஜரைத் தேடிக்கிட்டு இருக்காங்க", "சீசன் நேரம்லா, கடையில கூட்டம்" என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று சொன்னேன். பயிற்சிப் பெண் கேட்டால், "அவனுக்கு லீவு கிடைக்கல, வரும்போது கையோட கொண்டு வாரானாம்" என்பேன். இரண்டு பக்கமும் என்னை நம்பின. ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ள அவர்களுக்கு வழியும் இல்லை. ஆனி போய், ஆடி போய், ஆவணியும் பாதி போனது.

இவ்வளவும் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது சரியாகாது. ஒவ்வொரு நாளும் 'நாளைக்கு' என்று நினைத்தேன். கையில் வாசிக்கிற புத்தகம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் அடுத்ததை எடுத்தேன்.

ஆவணியில் அவர் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தார். இட்லியைப் பிய்த்து வாயில் வைத்தால் ஒரு பக்கமாக ஒதுக்குவார், பிறகு துப்பிவிடுவார். வாயைத் தொட்டுக் காட்டுவார். விழுந்த நாளிலிருந்தே பேச முடியவில்லை என்பதற்கு வாயைத் தொட்டுத்தான் காட்டுவார். அதனால், "பேச்சு வரும், வரும். முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், எதையோ நினைத்து மருகுகிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் அதே நினைப்புதான். இந்த நோய் வந்தவர்கள் சட்டென்று அழுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒரு மத்தியானம். ரசம் விட்டுக் குழையப் பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வீம்புக்குப் பட்டினி கெடந்து யாருக்குக் காட்டுதீக? ஊர்க்காரங்க என்னையலா பேசுவாங்க!" என்று சத்தம் போட்டேன். தாடையைப் பிடித்து, கரண்டியை வலது பக்கமாக வாய்க்குள் திணித்தேன். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல் இல்லை. மிதிபட்ட நாய் போடுகிற சத்தம். தட்டைத் தட்டிவிட்டார். சோறு தரையெல்லாம் சிதறியது. நான் துடைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. வலது கன்னம் வீங்கி, கண்ணை மறைத்தது. அப்போதுதான் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப்பல் ஒன்று பாதியாக உடைந்து, ஈறு கறுத்துப் போயிருந்தது. உடைந்த முனை கன்னத்தின் உட்புறத்தை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது.

தென்காசியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்றார். "எத்தனை நாளா வலி?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் இடது கை விரல்களைக் காட்டினார். முதலில் ஐந்து, பிறகு மூன்று.

"எட்டு நாளா? ஏன் உடனே கூட்டிட்டு வரல?"

"அவங்களுக்குப் பேச்சு வராது டாக்டர்."

"கேட்டா தலையாட்டுவாங்களா?"

"ஆட்டுவாங்க."

"அப்ப வலிக்குதான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே?"

குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, பொதுவாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். இவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு, வாயைத் தொட்டுக் காட்டினார். எட்டு நாளும் எனக்குக் காட்டியது போலவே.

ஒரே ஒரு கேள்வி. தண்ணீரா, மின்விசிறியா என்று ஆயிரம் கேள்வி கேட்டவள், அந்த ஒன்றைக் கேட்கவில்லை. நாவலில் வருகிற ஆட்களுக்கு என்ன வலி என்று அந்த எட்டு நாளும் எனக்குத் தெரிந்திருந்தது.

பல்லை எடுத்து, வீக்கம் வற்றி, காய்ச்சல் இறங்க ஒரு வாரமானது. பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு நான் தனியாகக் குற்றாலத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் இவரிடம் தொழில் பழகியவர். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "மதினி, அண்ணாச்சி எப்படி இருக்காவ? பேச்சு வந்திருச்சா?" என்று கேட்டார்.

"பையப் பைய வருது" என்றேன்.

"வரும் மதினி. அவுக பேசாம இருக்க முடியுமா? இந்த ரூட்டே அவுக சத்தத்துலலா ஓடிச்சு!" என்றார் அவர். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி திரும்பிப் பார்த்து, "யாரு, அந்தக் கபடி கண்டக்டரா?" என்று சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடையில் கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்று சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பாதி மலையாளத்தில் அவர்களோடு பேசிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். மகனுக்கும் உனக்கும் நடுவில் நின்று பொய் சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, "புதுசு வந்திருச்சாக்கா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. அது தோதுப்படல" என்று என் வாய் சொன்னது.

"நான் அப்பமே நெனச்சேன்க்கா. தூரத்துல இருக்க பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? புதுசுல எல்லாத்தையும் முதல்ல இருந்துலா ஏத்தணும்" என்றாள். கேட்ட மறுநிமிஷமே வாங்கித் தருகிறேன் என்ற என் மகனை அவள் விவரம் தெரியாதவனாக நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

டேப்பை யாருக்கும் கொடுக்காமல்தான் வைத்திருந்தாள். எப்படிப் புதுப் படம் சேர்ப்பது, எப்படிக் குரலைப் பதிவது, சார்ஜ் ஒயரை எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் ஏறும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கிளம்பும்போது சூடாக ஒரு பொட்டலம் சிப்ஸ் கட்டி, "தாத்தாவுக்குக் குடுங்க" என்றாள். அவரால் கடிக்க முடியாது என்று சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டி வரும். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் டேப்பை அவர் மடியில் வைத்தேன். சிரிக்கவில்லை. வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அம்மா' என்ற இடத்தில் கடைக்காரப் பெண்ணின் படத்தை எடுத்துவிட்டு என் படத்தைப் போட்டேன். மற்றதெல்லாம் அப்படியே விட்டேன். சாப்பாட்டுப் பக்கம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. உடம்புப் பக்கத்தை நான்தான் தினமும் திறந்து வைத்தேன். காலையில் எழுந்ததும், "எங்கயாவது வலிக்கா?" என்று கேட்பேன். ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டு, 'இல்லை'யைத் தொடுவார். தலை, இல்லை. வயிறு, இல்லை. பல், இல்லை. அந்தப் பெண்ணின் குரல் 'பல்' என்று சொல்லும்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்ப்பேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் இடங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்து ஒரு படத்தைத் தொட்டார். "கடை." பக்கம் மாற்றினார். "வேண்டாம்." இன்னொரு பக்கத்துக்குப் போய் என் படத்தைத் தொட்டார். "அம்மா."

"கடைக்குப் போக வேண்டாமா? போகல" என்றேன்.

தலையை ஆட்டினார். மறுபடி நிதானமாக, ஒவ்வொரு பக்கமாகத் தேடிப் போனார். "கடை. வேண்டாம். அம்மா." 'கடை' என்ற இடத்தில் இருந்தது குற்றாலத்துச் சிப்ஸ் கடையின் படம். சட்டியும் அடுப்பும்கூட அதில் தெரியும்.

எனக்கு முதல் தடவையே புரிந்திருந்தது.

கீரைக்கட்டைக் கீழே வைத்தேன். "ஆமா. அன்னைக்குக் கடையில வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் இன்னொரு படத்தைத் தேடினார். கிடைக்கக் கொஞ்சம் நேரமானது. ஒரு கேள்விக்குறியின் படம். "ஏன்?"

பழசு, சார்ஜ் நிற்காது, அப்டேட் வராது என்று அன்றைக்குக் கடையில் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. இவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. எட்டு நாள் வாயைத் தொட்டுக் காட்டிய மனிதர்.

"வீடு அமைதியா இருந்துச்சு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அதான்" என்றேன்.

அவர் கோபப்பட்டு எதையாவது வீசுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. டேப்பைப் பார்த்துக் குனிந்து, ஒரு படத்தைத் தொட்டார்.

"போ."

எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் டேப்பைத் தொடவே இல்லை. காலையில் உடம்புப் பக்கத்தைத் திறந்து வைத்தால் குப்புறக் கவிழ்த்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையைக்கூட ஆட்டவில்லை. புத்தகத்தை எடுத்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை. அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டால்கூடப் போய்ப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. கேட்டது அவருக்குப் புரிந்தது என்பது மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை தோசையை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"தோசை. கருப்பு."

திரும்பிப் பார்த்தேன். தோசை ஓரத்தில் காசு அளவுக்குக் கருகியிருந்தது. அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வேறு ஒன்று சுட்டுக் கொடுத்தேன். அதற்கு, "சட்னி. உப்பு. இல்லை." நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுத ஆசைதான். 'ஆரம்பிச்சாச்சா' என்ற எரிச்சலும் அந்த அழுகைக்குள் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு மகனுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் சொன்னேன். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மகன், "அப்பாவுக்கு இப்போ பல்லு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான். இப்போதெல்லாம் அவன் முதலில் அப்பாவிடம்தான் வீடியோவில் பேசுகிறான். டேப்பைத் தொட்டு இவர் சொல்வதற்குப் பொறுமையாகக் காத்திருக்கிறான். என்னிடம் கேட்க வேண்டியதையும் இவரிடமே கேட்கிறான். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

போன மாதம் பயிற்சிக்குப் போனபோது, காத்திருக்கிற இடத்தில் வடகரையிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமனாருக்கும் இதே நோய். இவர் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, எங்களுக்கும் ஒரு பழைய டேப் சொல்லியிருக்காங்க. பழசை நம்பி வாங்கலாமா? யோசனையா இருக்கு" என்றாள்.

"வாங்கிருங்க. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க" என்றேன்.

"உங்ககிட்ட சொன்ன உடனே நீங்க வாங்கிட்டீகளா?"

நான் பதில் சொல்லுவதற்குள், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, இவர் மடியிலிருந்து குரல் வந்தது.

"இல்லை."

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் விரலைப் படத்தின் மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்ததை நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். முகம் சுடச் சுட, நான் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். நடுவில் அவர் ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை. கடைசி வரை நானே சொல்லி முடித்தேன்.